படையலில் வைத்த தொப்பி

ஜனவரி 11, ஞாயிறு

டிக்கெட் போட்டுவிட்டேன். பெப்ரவரி 28, சனிக்கிழமை பின்னேரம், ரொறொன்ரோவிலிருந்து டாம்பாவுக்கு. அங்கிருந்து டனீடன் என்கிற சின்ன ஊருக்கு பஸ்ஸோ டாக்சியோ, கிடைப்பதில் போகலாம். பொத்தானை அமர்த்தமுதல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வீட்டில் ஹீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறேன், அதுதான் காரணம்.

பிறகு யாரும் கதையை மாற்றக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். நான் கோயிலுக்குப் போகவில்லை. யாருடைய பிள்ளைப்பேறும் பார்க்கப் போகவில்லை. யோகமலர் ஆகிய நான் பேஸ்போல் பார்க்கப் போகிறேன். எங்கள் ரொறொன்ரோ ஜேஸ் அணி ஒவ்வொரு வருடமும் இங்கே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே புளோரிடாவுக்கு இறங்கி, வெயிலில் நின்று உடம்பை முறித்துப் பயிற்சி எடுக்கும். ஸ்பிரிங் ட்ரெயினிங் என்பார்கள். பயிற்சி ஆட்டம்தான், வென்றாலும் தோற்றாலும் கணக்கில்லை. ஆனால் வேலிக்குப் பக்கத்தில் நின்று பந்து கையுறைக்குள் விழுகிற சத்தத்தைக் கேட்கலாமாம். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றிருக்கிறேன்.

அவர் இருந்தபோது "பென்சன் எடுத்தாப் பிறகு பாப்பம்" என்பார். பென்சன் எடுத்தார். பிறகு முழங்கால், பிறகு நெஞ்சு. நல்ல மனுசன். போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஐயரிடம் கேட்டாயிற்று. ஆண்டுத் திவசம் வளர்பிறை அட்டமி, பெப்ரவரி 24, செவ்வாய். துக்க வருடம் அதோடு முடிகிறது. சனிக்கிழமை நான் சுதந்திரப் பிரசை. வரட்டும் பார்க்கலாம், யார் என்ன சொல்கிறார்கள் என்று.

ஜனவரி 12, திங்கள்

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. உளுந்து ஊறப்போட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

தர்ஷிகா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். வாய்க்குப் போன துண்டு அப்படியே நின்றது.

"தனியாவோ?"

"ஓம், தனியத்தான்."

"அம்மா, நீங்கள் டவுன்டவுனுக்கே தனியப் போறேல்லை."

"போகேல்லை எண்டால் போகத் தெரியாது எண்டு அர்த்தமில்லை. இன்னொரு தோசை வைக்கட்டே?"

அவள் போனை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பரிமளம் மச்சாள், அவரின் அக்கா, அதே சனிக்கிழமை மத்தியானத்துக்கு ஸ்காபரோவில் மண்டபம் பிடித்துவிட்டாவாம். திவசக் கிரியை செவ்வாய் வீட்டில், விருந்து சனிக்கிழமை ஹோலில். கிழமை நாளில் வைத்தால் சனம் வேலைக்குப் போய்விடும், ஒருவரும் வரமாட்டார்கள் என்று யோசித்திருக்கிறா. திதியை ஐயர் பார்ப்பார், விருந்து நாளை ஹோல்காரன்தான் பார்ப்பான். இந்த ஊரில் அதுதான் வழக்கம். எனக்குத்தான் புத்தி போகவில்லை. திதியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

"மாத்துங்கோ அம்மா, டிக்கெட்டை."

மாற்றமாட்டேன் என்றேன். பிளேன் பின்னேரம்தான். விருந்துக்கு இருந்துவிட்டு, அங்கிருந்தே போவேன்.

ஜனவரி 19, திங்கள்

மச்சாள் போன் எடுத்தா. ஹலோ கூடச் சொல்லவில்லை.

"உனக்கென்ன விசரே? புருசன்ர ஆட்டைத் திவசத்தண்டு பெட்டியும் தூக்கிக்கொண்டு பந்தடி பாக்கப் போறியாம். சனம் என்ன சொல்லும்?"

"சனம் வடை நல்லாயிருக்கு எண்டு சொல்லும், மச்சாள். நான்தானே சுடுறன்."

"பகிடி விடாதை யோகம். ஒரு பொம்பிளை, அறுபது வயசு கிட்டுது..."

"அறுபது வயசு கிட்டுது எண்டுதான் போறன். எழுபதிலை போகேலாது."

போனை வைத்துவிட்டா. நான் தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன். மச்சாளுக்கு எதிராக நான் இப்படிக் கதைத்தது இதுதான் முதல் தடவை. நல்ல தேத்தண்ணீர்.

ஜனவரி 25, ஞாயிறு

முழங்கால் மட்டத்துக்குப் பனி. காலையில் ஒரு தடவை தள்ளினேன், மத்தியானம் பார்த்தால் திரும்பவும் அதே அளவு. என் பழைய ஜேஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சால்வையைக் கட்டிக்கொண்டு தள்ளினேன். தொப்பியின் முன் விளிம்பு வெடித்துவிட்டது, நீலம் வெளிறிச் சாம்பலாகிவிட்டது. பேக்கரி வேலையில் எடுத்த முதல் சம்பளத்தில் வாங்கியது.

தர்ஷிகா படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டாள். அப்பா பனி தள்ளுகிற பழைய படம் ஒன்று இருக்கிறதாம், அதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவாம். அந்தப் படம் எனக்குத் தெரியும். காது குளிருகிறது என்று வாசலில் தொங்கிய என் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். ஒரே ஒரு நாள்.

பனி தள்ளும்போது பழையதெல்லாம் ஞாபகம் வரும். வந்த புதிதில் பேஸ்மென்ட் வீடு, பாதிப் புள்ளியும் கோடுமாய் ஒரு டிவி, பகல் முழுக்க நான் தனிய. ஆங்கிலம் தெரியாது. பேஸ்போல் வர்ணனை கேட்டுத்தான் பழகினேன். 'பந்து', 'பிழை', 'வீட்டுக்கு வந்தான்'. புறப்பட்ட இடத்தைத்தான் 'வீடு' என்பார்கள்; வீட்டுக்கு வருவதற்காக ஓடுகிற விளையாட்டு என்று விளங்கியபோது அழுதேன். அப்போது இருபத்திநாலு வயது, எதற்கெடுத்தாலும் அழுகை வரும்.

தொண்ணூற்று மூன்றில் ஜேஸ் உலகக் கிண்ணம் எடுத்த அந்த ஆட்டம். கடைசி இனிங்ஸ். எங்கள் ஆட்கள் பின்னுக்கு நிற்கிறார்கள், இரண்டு பேர் தளத்தில், ஓடத் தயாராய். அவர் எழும்பி வந்து டிவியை நிற்பாட்டினார். "காணும், காலமை வேலை" என்றார். அவருக்குக் காலையில் வேலைதான், பிழை சொல்ல முடியாது. நான் கட்டிலில் படுத்திருந்தேன். பேஸ்மென்ட் யன்னலுக்கு வெளியே திடீரென்று தெருவில் இருந்த கார் எல்லாம் ஹோர்ன் அடித்தன. ஊரே கத்தியது. அப்படித்தான் நாங்கள் வென்றதை நான் தெரிந்துகொண்டேன்.

வெற்றி தந்த அந்தப் பந்து மைதான மதிலுக்கு மேலால் போனதைப் பிறகு எத்தனையோ தரம் போட்டுக் காட்டிவிட்டார்கள். பார்த்திருக்கிறேன்.

உப்புப் போட்டேன் படியில். வழுக்கும்.

பெப்ரவரி 2, திங்கள்

பேக்கரியில் என்னோடு வேலை செய்கிற டோரீன் என் லொக்கரில் துண்டு ஒட்டியிருந்தாள்: 'இன்னும் ஒன்பது நாளில் பிட்சர்கள் வருகிறார்கள்!' பந்து எறிகிறவர்கள்தான் முதலில் பயிற்சிக்கு இறங்குவார்கள். பாண் வெட்டுகிற மெஷினுக்கு மேலால் இரண்டு பேரும் கத்திக் கத்தி யார் மூன்றாம் தளத்தில் நிற்பான் என்று சண்டை பிடித்தோம். சூப்பர்வைசர் முறைத்தான். முறைக்கட்டும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

மச்சாள் வந்தா. கதவைத் திறந்ததும் நான் சண்டைக்குத் தயார். வந்தவ என்னைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதா. கையில் கதலி வாழைப்பழச் சீப்பு.

"என்னட்டை ஏனடி முதலே சொல்லேல்லை? அது தம்பியின்ர கடைசி ஆசை எண்டு பிள்ளை சொன்னாப் பிறகுதான் எனக்கு விளங்கிச்சு. ஆஸ்பத்திரியிலை வச்சு உன்ர கையைப் பிடிச்சுச் சொன்னவனாமே, எனக்காக ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வா எண்டு. நான் பாவி, உன்னைப் பேசிப்போட்டன்."

குசினி வாசலில் தர்ஷிகா நின்று கண்ணைக் காட்டினாள்: அம்மா, பேசாமல் இருங்கோ.

பேசாமல் இருந்தேன். மச்சாளுக்குத் தேத்தண்ணீர் போட்டேன். சீனி போட மறந்துவிட்டேன், அவவும் அழுதுகொண்டே சீனியில்லாமல் குடித்துவிட்டா.

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாக என் கையைப் பிடித்துச் சொன்னது, "கார் இன்சூரன்ஸ் கட்டினியோ?"

பெப்ரவரி 9, திங்கள்

"ஏன் பொய் சொன்னாய்?"

"வேற என்ன அம்மா செய்யிறது? அப்பான்ர பேரைச் சொன்னால் எல்லாரும் சரி எண்டுவினம். உங்கடை பேரைச் சொன்னால் ஒருத்தரும் விடமாட்டினம். உங்களுக்குப் போகவேணுமோ, இல்லாட்டி சண்டை பிடிக்கவேணுமோ?"

பிள்ளை கெட்டிக்காரி. சட்டம் படித்தவள். வாயை மூடிக்கொண்டு போய்வா என்று மனதில் ஒரு பக்கம் சொல்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் நான் முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 11, புதன்

வந்துவிட்டார்கள்! பிட்சர்களும், அவர்கள் எறிவதைப் பிடிக்கிற கட்சர்களும் டனீடனில் இறங்கிவிட்டார்கள். ரேடியோவில் அந்தச் சத்தம், பந்து கையுறைக்குள் விழுகிற சத்தம், தப்... தப்... சட்டியில் கத்தரிக்காய் கருகியது. கருகட்டும். வெளியே மைனஸ் பதினெட்டு. நான் குசினிக்குள் நின்று பிட்சர் மாதிரிக் கையைச் சுழற்றி ஒரு உருளைக்கிழங்கை எறிந்தேன். சிங்குக்குள் நேராய் விழுந்தது. ஸ்டிரைக்!

பெப்ரவரி 16, திங்கள்

தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை வந்து என் கையைப் பிடிக்கிறா. "அக்கா, கேள்விப்பட்டன். புருசன்ர ஆசையை நிறைவேத்தப் போறீங்களாம். உங்களைப் போலப் பொம்பிளையள் இப்ப எங்கை இருக்கினம்!" பக்கத்தில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றவவும் கண் கலங்கிவிட்டா.

பேஸ்போலுக்காக எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதுவும் எனக்கில்லை.

பின்னேரம் மச்சாள் பெரிய பிரேம் போட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தா. பனி தள்ளுகிற அந்தப் படம்தான். என் தொப்பியோடு அவர். "உதைக் கொண்டுபோய் பக்கத்துக் கதிரையிலை வை. அவன் ஆசைதீரப் பாக்கட்டும்." பெட்டியில் பாதி இடத்தை அதுவே பிடித்துவிட்டது. என் இரண்டு சட்டைகளை வெளியே எடுத்தேன்.

எடுத்த பிறகு கோபம் வந்தது. என்னில்தான்.

பெப்ரவரி 24, செவ்வாய்

திவசம் வீட்டில் ஒழுங்காக நடந்தது. ஐயர், மச்சாள், மகள், நான். அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தேன்: வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய்க் கறி, கட்டித் தயிர், உளுந்து வடை. மூன்று மணிக்கு எழும்பிச் சமைத்தேன் என்று மச்சாள் ஐயரிடம் பெருமையாகச் சொன்னா. நித்திரை வரவில்லை, அதனால் எழும்பினேன், அவ்வளவுதான். காகத்துக்கு வைத்த சோற்றை அணில் வந்து தின்றது.

அவர் படுத்த பக்கத்து மெத்தையில் இன்னும் பள்ளம் இருக்கிறது. திருப்பிப் போட வேண்டும். பாரமான மெத்தை, ஒரு ஆளாய்த் திருப்ப ஏலாது.

பெப்ரவரி 26, வியாழன்

தொப்பியைக் காணவில்லை. வாசல் கொக்கியில் இல்லை, அலுமாரியில் இல்லை, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள்ளும் பார்த்தாயிற்று. தர்ஷிகாவிடம் கேட்டேன். "தேடுங்கோ அம்மா, எங்கையாவது இருக்கும்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அது இல்லாமல் நான் போகமாட்டேன். போவேன். ஆனால் அது இல்லாமல் போகமாட்டேன்.

பெப்ரவரி 28, சனி

பிளேனில் இருந்து எழுதுகிறேன். யன்னல் பக்கம். எழுத்து ஆடுகிறது, பரவாயில்லை.

மத்தியானம் பெட்டியோடுதான் ஹோலுக்குப் போனேன். சனம் நிறைந்த ஹோல். மேடையில் அவருடைய பெரிய படம், மாலை, குத்துவிளக்கு. அதற்கு முன்னால் வாழையிலை போட்டுப் படையல். சோறு, கறி, வடை, மோதகம், பழம். நடுவில், தலைவாழை இலைக்கு மேலே, விபூதி பூசிப் பூ வைத்தபடி என் தொப்பி.

சத்தியமாய் முதலில் சிரிப்புத்தான் வந்தது. தொப்பிக்கு விபூதி! பிறகு தர்ஷிகா மைக்கைப் பிடித்தாள்.

"அப்பாவுக்கு பேஸ்போல் எண்டால் உயிர். சம்மர் முழுக்க டிவிக்கு முன்னாலைதான். அம்மா பக்கத்திலை இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடுப்பா. அப்பா ஆசையாப் போட்ட தொப்பி இது. இண்டைக்கு அம்மா அவரின்ர ஆசைக்காக..."

சனம் உச்சுக் கொட்டியது. மச்சாள் மூக்கைத் துடைத்தா. கர்ப்பூரத் தட்டோடு ஒருவர் எழும்பிவிட்டார். கர்ப்பூரம் காட்டினால் படைத்தது படைத்ததுதான், பிறகு அது அவருடையது.

அந்தத் தேத்தண்ணீர்தான் என்னை எழுப்பியது. மற்றதெல்லாம் பொறுத்திருப்பேன். நான் ஆட்டம் பார்க்க, அவர் "தேத்தண்ணி எங்கை?" என்று கேட்க, நான் எழும்பிப் போய் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எத்தனை ஹோம் ரன்னைத் தவறவிட்டிருக்கிறேன்!

மேடைக்குப் போனேன். இலையிலிருந்து தொப்பியை எடுத்தேன். பூவைத் தட்டினேன்.

"உது என்ர தொப்பி."

"அம்மா, ப்ளீஸ்..."

"என்ர தொப்பி. என்ர முதல் சம்பளத்திலை வாங்கினது." எனக்கு மைக் தேவைப்படவில்லை. பேக்கரி மெஷினுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை. "உன்ர அப்பாவுக்கு பேஸ்போல் கண்ணிலை காட்டேலாது. பொல்லோடை நிண்டு துப்புற விளையாட்டு எண்டு சொல்லுவார். காது குளிருது எண்டு ஒருநாள் உதைப் போட்டவர், அவ்வளவுதான். மூண்டு தரம் என்னை ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர், மூண்டு தரமும் ட்ராபிக் எண்டு சொல்லி ஒன்பது இனிங்ஸிலை ஏழாவதிலையே எழுப்பிக்கொண்டு வந்திட்டார். நல்ல மனுசன். களவு பொய் இல்லை, ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டதில்லை, உன்னைப் படிப்பிச்சவர். அதைச் சொல்லு, கேப்பம். செத்தவருக்குப் பிடிச்சதைத்தானே படைக்கிறது? பிடிக்காத சாமானை வச்சுக் கூப்பிட்டால் அந்த மனுசன் எப்பிடி வந்து சாப்பிடும்?"

கர்ப்பூரத் தட்டுக்காரர் என்னையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. சரி, இன்றைக்கு எனக்கு இருக்கிறது என்று நினைத்தேன்.

"அவள் சொல்லுறது சரி," என்றா. "எனக்கும் ஏதோ இடிச்சது. சின்னனிலை பெடியள் அடிக்கிற பந்து எங்கடை வளவுக்குள்ளை விழுந்தால், எடுத்துக் கிணத்துக்குள்ளை போட்டிடுவான் இவன். அவனுக்கென்ன பந்து ஆசை!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஹோலே சிரித்தது. திவச வீட்டில் சிரிப்பு! மச்சாள் சிரிக்கவில்லை. என்னிடம் வந்தா.

"அப்ப நீ உனக்காகத்தான் போறியோ?"

"ஓம் மச்சாள். எனக்காகத்தான்."

ஆசீர்வாதம் ஒன்றும் செய்யவில்லை. "படத்தை இஞ்சை தா. அவனுக்குப் பிடிக்காத இடத்திலை அவனை ஏன் கொண்டுபோய் இருத்துவான்?" என்றா. பெட்டியைத் திறந்து பிரேமை எடுத்துக் கொடுத்தேன். திரும்பிப் போனவ நின்று, "சாப்பிடாமல் போகாதை. வடை கட்டித் தாறன்" என்றா.

ஏர்போர்ட்டுக்குத் தர்ஷிகாதான் கொண்டுவந்து விட்டாள்.

"எல்லாருக்கும் முன்னாலை என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டீங்கள்."

"நீ என்னைத் தேத்தண்ணிக்காரி ஆக்கினாய்."

"எனக்கு உண்மையா அப்பாதான் பாக்கிறவர் எண்டு ஞாபகம்" என்றாள். அவள் சின்னப் பிள்ளை அப்போது. அவர் சோபாவில் நித்திரை, நான் கீழே நிலத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பேன். டிவிக்கு நேரே இருந்தவர் அவர்தான்.

"முந்தியே சொல்லியிருக்கலாமே அம்மா."

"ஆர் கேட்டனீங்கள்?"

சிவப்பு விளக்கில் கார் நின்றது. "இப்ப கேக்கிறன்," என்றாள். "உதிலை உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. "உதுக்கு மணி இல்லை, பிள்ளை. நேரம் முடிஞ்சுது எண்டு ஒருத்தனும் விசில் ஊதேலாது. கடைசி ஆள் அவுட்டாகும்வரைக்கும் ஆட்டம் இருக்கு."

அவள் அழுதாள். நானும்தான். பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

மார்ச் 1, ஞாயிறு

டனீடன். வெயில்! தோளில் சுடுகிறது, சந்தோஷமாய் இருக்கிறது. பனை மாதிரி ஒரு மரம் நிற்கிறது, பனை இல்லை. காலையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் பிட்சருக்கும் நடுவில் கம்பி மட்டும்தான். தப்... தப்... ரேடியோவில் கேட்டது ஒன்றுமேயில்லை. நெஞ்சுக்குள் விழுகிறது அந்தச் சத்தம்.

ஆட்டத்தில் எங்கள் ஆட்களுக்குச் சரியான அடி. ஐந்தாவது இனிங்ஸோடு பெரிய ஆட்களையெல்லாம் எடுத்துவிட்டு, பெயர் தெரியாத பெடியன்களை இறக்கிவிட்டார்கள். ஏழாவதில் சனம் எழும்பத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர், "ட்ராபிக்குக்கு முதல் போகிறோம், நீங்கள் வரவில்லையா?" என்று கேட்டார்.

"நீங்கள் போங்கள். நான் இருக்கிறேன்."

மச்சாள் கட்டித்தந்த வடையைத் தின்றேன். அவருக்கென்று ஒன்றை வெறும் கதிரையில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. கடற்காகம் ஒன்று வந்து கவ்விக்கொண்டு போனது. அது அவராக இருக்க முடியாது. அவர் ஏழாவதிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்.

ஒன்பதாவது இனிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளோடு ஆட்டம் முடியும். பெரிய தோல்வி, ஆளில்லாத வரிசைகள், முதுகில் பெயரே எழுதாத ஒரு பெடியன் மட்டையோடு நின்றான். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எழும்பி நின்று, கை வலிக்கக் கை தட்டினேன். பெடியன் திரும்பிப் பார்த்தான், யாருக்குத் தட்டுகிறார்கள் என்று. உனக்குத்தான் மகனே, அடி! என்று தமிழிலேயே கத்தினேன். முழுப் பலத்தோடு மட்டையை வீசினான். பந்தில் படவேயில்லை. ஆட்டம் முடிந்தது.

கடைசிப் பந்தைப் பார்த்தேன்.